வாயை மறைச்சுப் படிப்பிச்சது

சாவகச்சேரி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் நிரோஜாவுக்கு அப்பா எழுதிறது. நானும் அம்மாவும் எழும்பி நடந்து திரியிற அளவுக்குச் சுகமாயிருக்கிறம், கனடாவிலை நீயும் ஜெயதீபனும் பிள்ளையும் ஒரு நோய்நொடி இல்லாமல் இருக்கவேணுமெண்டு பிள்ளையாரைக் கேட்டுக்கொண்டு தொடங்கிறன். அம்மாவின்ரை கால்வீக்கம் வத்தீட்டுது, ஆனால் குளிசையை ஒழுங்காப் போடுறா இல்லை. மழை அடிச்சு ஊத்தினதிலை கத்தரிக் கண்டெல்லாம் அழுகிப்போச்சு. போன் இருக்க ஏன் அப்பா கடிதம் எழுதிறார் எண்டு நினைப்பாய். போனெண்டால் அம்மா பக்கத்திலை நிப்பா, இது அவவுக்கும் தெரியக்கூடாத விசயம், வாசிச்சிட்டுக் கிழிச்சுப் போடு.

நான் பென்சனிலை வந்த பிறகு விறாந்தையிலை நடத்திற இங்கிலிசு வகுப்பைப் பற்றித்தான். புத்தகத்தை மூடி வையுங்கோ அப்பா, தமிழே கதையாதேங்கோ, முதல் காது கேக்கட்டும், பிறகு வாய் கதைக்கட்டும், எழுத்து கடைசியிலை வரட்டும் எண்டு அங்கை இங்கிலிசு படிப்பிக்கிற நீதானே சொல்லித் தந்தாய். முப்பத்தொரு வருசம் பள்ளிக்கூடத்திலை கிராமரைப் பாடமாக்க வைச்ச எனக்கு அது பெரிய புதினமாயிருந்தது. ஓட்டோ ஓடுற செபநாயகம் ரெண்டு மாதத்திலை வெள்ளைக்காரரை ஏத்திக்கொண்டு போய்க் கதைச்சிட்டு வந்தார், எனக்கும் சந்தோசப் புழுகம். பிறகுதான் நானா ஒண்டு செய்தன், அது நீ சொன்னதில்லை. ஆக்கள் என்ரை வாயைப் பாத்துப் பிடிக்கினம், காதைத் தீட்டவேணுமெண்டு, ஒரு மட்டையாலை வாயை மறைச்சுக்கொண்டு கேள்வி கேட்டன். எல்லாரும் தட்டுத் தடுமாறி மறுமொழி சொல்லுவினம், வசந்தினி எண்ட பிள்ளை மட்டும் பேசாமல் நிக்கும்.

வசந்தினி எங்கடை ஒழுங்கையிலை இருக்கிற குணலட்சுமியின்ரை மகள், இருபத்தெட்டு வயசு. புருசன் குகதாசன் லண்டனிலை. கலியாணம் முடிச்சு ஒரு மாதம் நிண்டிட்டுப் போனவர், அவளைக் கூப்பிட ஒரு இங்கிலிசுச் சோதினை பாஸ் பண்ணவேணும், எழுத்தில்லை, கேட்டுக் கதைக்கிறது மட்டும். ஒருதரம் எடுத்துப் பெயில் விட்டிட்டுத்தான் என்னட்டை வந்தவள். நான் மூன் எண்டு சொன்னால் அவள் பூன் எண்டு சொல்லுவாள், வகுப்பு சிரிக்கும், நானும் சிரிச்சிருக்கிறன் பிள்ளை. ஒருநாள் மட்டையைப் பிடிச்சுக்கொண்டு ஒரே கேள்வியை ஆறு தரம் கேட்டன், அவள் வாய் திறக்கேல்லை. இவ்வளவு காசு கட்டிச் சோதினைக்கெண்டு கொழும்புக்குப் போறனீர், மூளையைக் கொஞ்சம் பாவியுமன் எண்டு எல்லாருக்கும் முன்னாலை பேசிப்போட்டன். இருந்தாள், அழேல்லை.

ரெண்டாந்தரமும் பெயில் விட்டாள், அதோடை வகுப்புக்கும் வரேல்லை. என்னெண்டு கேப்பமெண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனன். தாய்க்காரி சந்தைக்குப் போட்டா. இவள் கிணத்தடியிலை எனக்கு முதுகு காட்டி இருந்து மீன் வெட்டிறாள், பத்தடியிலை நிண்டு நாலு தரம் கூப்பிட்டன், திரும்பேல்லை. என்ரை நிழல் மீன் சட்டியிலை விழுந்தாப் பிறகுதான் திடுக்கிட்டுப் பாத்தாள். நான் ஒண்டும் கேக்கேல்லை, அவளே சொன்னாள். வன்னியிலை சண்டையின்ரை கடைசி நேரம் பங்கருக்குப் பக்கத்திலை செல் விழுந்து வெடிச்சதாம், அப்ப பன்ரண்டு வயசாம், வலது காது அண்டைக்கே போட்டுதாம், மற்றது வருசா வருசம் குறைஞ்சு இப்ப இரைச்சல் மட்டும்தானாம். தமிழெண்டால் வாயைப் பாத்துப் பிடிச்சிடுவன் சேர், இங்கிலிசு நான் காதாலை கேட்டதே இல்லை எண்டாள். நான் அந்த வாயைத்தான் மட்டை வைச்சு மறைச்சனான்.

ஆஸ்பத்திரியிலை நரம்பு செத்துப் போச்சு, மெசின் போட்டாலும் இரைச்சல்தான் கூடும் எண்டு முந்தியே சொல்லிப்போட்டினமாம். டொக்டரின்ரை கடிதம் வைச்சுச் சோதினை இல்லாமல் கேட்டுப் பாக்கலாம் எண்டு நான் விசாரிச்சுக்கொண்டு போய்ச் சொன்னன். வேண்டாம் சேர், அந்தக் கடிதம் லண்டனிலை அவரின்ரை கையாலைதான் விசாவுக்குப் போகவேணும், என்ரை காது விசயம் அவருக்குத் தெரியாது எண்டாள். கலியாணம் பேசேக்கை தாய் மறைச்சுப் போட்டா, அவர் நிண்ட அந்த ஒரு மாதம் மற்றக் காது கொஞ்சம் கேட்டதாலை பிடிபடேல்லையாம். வீடியோவிலைதான் எப்பவும் கதைக்கிறது, முகம் விலகினால் கவரேஜ் இல்லை எண்டு சொல்லிச் சமாளிச்சிருக்கிறாள். மொக்கி எண்டு நினைச்சால் நினைக்கட்டும், செவிடி எண்டு தெரியக்கூடாது, அம்மா ஏமாத்தினவ எண்டு வந்திடும் எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினாள்.

அதுக்குப் பிறகு ஒரு மாதம் தனிய இருத்தி, முகத்துக்கு நேரை, எழுதிக் காட்டிப் படிப்பிச்சன். அவளின்ரை கொப்பியைப் பாத்தால் உனக்கே ஆசையாயிருக்கும், அப்பிடி எழுதுவாள். ஆனால் சோதினையிலை றெக்கோட்டிங் போட்டால் அதுக்கு வாய் இல்லையே. மூண்டாந்தரமும் பெயில். அண்டைக்கு குகதாசன் எனக்குப் போன் எடுத்தார், மரியாதையான பொடியன், சேர் உண்மையைச் சொல்லுங்கோ, அவவுக்கு ஏலாதோ, இல்லாட்டிக் கவனமெடுக்கிறா இல்லையோ எண்டு கேட்டார். அவளுக்குச் செய்த சத்தியம் ஞாபகம் வந்தது பிள்ளை. பிறகு, அவவுக்குப் படிப்பு ஏறாது தம்பி எண்டு சொன்னன். பரவாயில்லை சேர் எண்டு வைச்சிட்டார். உண்மையைச் சொல்லியிருக்கலாமே எண்டு நீ கேப்பாய். நானும் ஒவ்வொரு நாளும் கேக்கிறன். சொல்லியிருந்தாலும் அவர் கூப்பிட்டிருப்பார் எண்டு எனக்கு நிச்சயமில்லை, சொல்லாததாலை இப்ப அவளுக்கு ஒண்டுமே மிஞ்சேல்லை.

அதுக்குப் பிறகு அவர் வீடியோவிலை வாறதை விட்டிட்டார். போன செவ்வாய் பின்னேரம் அவள் போனைக் கொண்டு வந்தாள். குரலிலை செய்தி விட்டிருக்கிறார் சேர், அம்மாட்டைக் குடுக்கப் பயமாயிருக்கு, நீங்கள் கேட்டுச் சொல்லுங்கோ எண்டாள். கேட்டன். யோசிச்சுப் பாத்தன், உமக்கும் கஷ்டம் எனக்கும் கஷ்டம், ரெண்டு வீட்டாரும் கதைச்சு இந்தக் கலியாணத்தை எழுத்திலை முடிச்சு விலகுவம் எண்டுதான் கிடந்தது. அவள் என்ரை வாயையே பாத்துக்கொண்டிருந்தாள், நான் ஒவ்வொரு சொல்லா, ஆறுதலா, விளங்கத்தக்கதாச் சொன்னன். என்ரை சீவியத்திலை அவ்வளவு தெளிவா நான் ஒரு பாடமும் சொன்னதில்லை. எப்பிடிச் சொன்னவர் சேர், கோவமாவோ, கவலையாவோ எண்டு கேட்டாள். திரும்பவும் போட்டுக் கேட்டன். கோவமுமில்லை, கவலையுமில்லை, கடைக்குச் சாமான் சொல்லுற மாதிரி ஒரு குரல், பின்னாலை ஆரோ கோப்பை கழுவுற சத்தம். குரல் தழுதழுத்தது பிள்ளை எண்டு சொன்னன். அவள் அப்ப என்ரை வாயைப் பாக்கேல்லை, கண்ணைப் பாத்தாள். போனை வாங்கிக்கொண்டு, வாறன் சேர் எண்டு போட்டாள். பிறகு வரேல்லை.

உன்னட்டை வழி ஒண்டும் கேக்கேல்லை மகள், நான் தேடிப் பாத்திட்டன். உன்ரை வகுப்பிலை ஆரும் பேசாமல் நிண்டால் முதல் கிட்டப் போய் இருந்து கேள். குளிருக்குக் கம்பளிச் சட்டை போடாமல் வெளிக்கிடாதை, சின்னவளுக்குத் தமிழிலை கதை சொல்லு. அடுத்த கிழமை எடுக்கேக்கை அம்மாவிட்டைக் குளிசையை ஞாபகப்படுத்து, நான் சொன்னால் கேக்கிறா இல்லை. வசந்தினியைப் பற்றி மட்டும் வாய் திறவாதை. உங்கள் மூண்டு பேருக்கும் எங்கடை ஆசி எப்பவும் கூட இருக்கும்.

இப்படிக்கு,
உன்ரை அப்பா
க. தில்லைநாதன்