போடியில் பெய்த மழை

ஏப்ரல் 18, சனி

காலை ஐந்தே முக்காலுக்கே கழுத்தெல்லாம் வியர்வை. ஃபேன் சுற்றுகிறது, காற்று வரவில்லை. ஜீப்பில் பதினாறு பேர். டிரைவர் வழக்கம்போல, "உள்ள தள்ளி உக்காரு ஆத்தா, இன்னும் ரெண்டு பேர் ஏறணும்." "அந்த ரெண்டு பேரை ஒம் மடியில உக்கார வச்சுக்கப்பா," என்றாள் பாக்கியம். என் தோட்டத்து வேலைக்கு வரும் சிலமலைக்காரிகள் ஆறு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைவாய்ப் பல் தெறிக்கிறது.

மலைமேல் ஏலத்தோட்டம் காய்ந்து கிடக்கிறது. மண்ணைக் கிள்ளினால் பொடி. கீழ்ச் சரிவில் போன வருஷம் நட்ட ஏலச்செடிகள் மட்டும் தெம்பாக நிற்கின்றன, மேலே பலாவும் வாகையும் நிழல் கட்டியிருப்பதால். அங்கேயே குடியிருந்து வேலை பார்க்கும் மாரியப்பன், நிழல் மரங்களில் கொப்பு கழிக்க ஆரம்பிக்கலாமா என்று கேட்டான். மழைக்காலத்துக்கு முன் கழித்து வெளிச்சம் விடவேண்டியதுதான். ஆனால் ஈரம் இல்லாமல் கழித்தால் செடி வெயிலில் வெந்துவிடும். தெளிவாகச் சொன்னேன்: "மலையில ரெண்டு மழை நல்லா விழட்டும். மண்ணு நனையாம அருவாளைத் தொடாத." தலையை ஆட்டினான்.

திங்கள்: தேனி, பல் டாக்டர். பூண்டு கால் கிலோ. இவருக்கு பிரஷர் மாத்திரை.

ஏப்ரல் 19, ஞாயிறு

மத்தியானம் வரை வெக்கை. மூன்று மணிக்கு மேற்கே கறுத்தது. நாலரைக்கு இடி, புழுதி, அப்புறம் மழை. அரை மணி நேரம். மொட்டை மாடியில் காயப்போட்ட மிளகாயை அள்ள நான் ஓடுகிறேன், இவர் போனை நீட்டி மழையைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். ஒரு கை கொடுக்கவில்லை. பாதி மிளகாய் நனைந்துபோனது.

கோயம்புத்தூரிலிருந்து மகள்: "என்னம்மா, அங்க மழை கொட்டுதாமே. அப்பா ஸ்டேட்டஸ் வச்சிருக்காரு." ஆமாம், கும்பிடுகிற கை படத்தோடு.

மழை விட்டதும் முன்னைவிட மோசம். தரையிலிருந்து ஆவி. சேலை உடம்போடு ஒட்டுகிறது. மலைப் பக்கம் பார்த்தேன், உச்சி வெளுத்துத்தான் இருந்தது. மேகம் அடிவாரத்திலேயே கொட்டிவிட்டுப் போய்விட்டது. சொன்னேன். "போடியில இந்தப் போடு போட்டா மேட்டுல பேயாமலா இருக்கும்?" என்றார். இந்த மனுசன் மலையேறி இரண்டு வருஷம் ஆகிறது. முழங்கால் வலியாம். தன் சாக்குக் கடையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து போனில் தோட்டம் பார்க்கிறார்.

ஏப்ரல் 20, திங்கள்

பல் போயிற்று. வாயில் பஞ்சு. தேனி பஸ்சில் ஜன்னல் ஓரம் கிடைத்தும் காற்று அனல். திரும்பி வந்து படுத்துவிட்டேன். பேச முடியவில்லை.

இவர் கடையை ஒரு மணிக்கே சாத்திவிட்டு வந்து கஞ்சி வைத்துக் கொடுத்தார். உப்பு அளவாக இருந்தது. என்னவோ அதிசயம்.

ஏப்ரல் 21, செவ்வாய்

எழுத்து கோணல். பரவாயில்லை.

கன்ன வீக்கத்தோடு மலையேறினேன். போடிமெட்டில் ஜீப் நின்றபோது ரோட்டோரம் புழுதி. நனைந்த தடமே இல்லை. சாயாக் கடைக்காரரிடம், "சேட்டா, ஞாயித்துக்கிழமை மழையா?" என்று கேட்டேன். "இவிடெயோ? ஒரு துள்ளி இல்ல சேச்சி."

கீழ்ச் சரிவில் கால் வைத்ததும் கண் கூசியது. என் தோட்டத்தில் கண் கூசக் கூடாது. பலா மொட்டை. வாகை மொட்டை. வெட்டிய கொப்பெல்லாம் தரையில். நான் என் கையால் குழி தோண்டி நட்ட செடிகள் நடு வெயிலில் இலையைச் சுருட்டிக்கொண்டு நிற்கின்றன. சிலதில் நுனி வெளுத்துவிட்டது.

மாரியப்பனை என்னென்ன கேட்டேன் என்று எழுத மாட்டேன். ஆறு பொம்பளைகள் முன்னால், அவன் பெண்டாட்டி முன்னால் கேட்டேன். சோற்றில் உப்புப் போட்டுத்தான் தின்கிறாயா என்றுகூடக் கேட்டேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னான்:

"நேத்துக் காலையில அண்ணன் போன் போட்டாருக்கா. மழை விழலையேன்னு சொன்னேன். அக்கா வேணாம்ன்டு சொல்லிருக்குன்னும் சொன்னேன். 'அவதாம்ப்பா வெட்டச் சொன்னா. பல்லு பிடுங்கி பேச முடியாமக் கெடக்கா, அதான் நான் சொல்றேன்'னாரு. நீங்க சொன்னதுன்னா நான் என்ன செய்ய."

பாக்கியம் தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

என் பேரைச் சொல்லி. என் பல்லைச் சாட்டி. ஒன்பது வருஷமாக நான் அந்த மலையில் சொன்ன ஒரு சொல் மாறியதில்லை. வெட்டு என்றால் வெட்டு, விடு என்றால் விடு. அதை எடுத்து இந்த மனுசன் தன் சொந்தக் காசு மாதிரி செலவழித்துவிட்டார்.

மாரியப்பனிடம் தப்பாகப் பேசிவிட்டேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

சாயங்காலம் கடைக்கே போய்க் கேட்டேன். வீட்டுக்கு வரும்வரை பொறுக்க முடியவில்லை. சணல் தூசியும் புழுக்கமும். முதலில், "சரி, ரெண்டு நாள்ல மழை வந்துரும், விடு." அப்புறம், "பக்கத்து எஸ்டேட்டுலயும் கழிக்கப் போறாங்களாம்." கடைசியில்தான் உண்மை வந்தது. "நான் சொன்னா அவன் மரத்துல ஏறுவானா? பட்டா என் பேருல இருக்கு. ஒருத்தன் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குறான். எல்லாத்துக்கும் அக்காகிட்டக் கேக்கணும், அக்காகிட்டக் கேக்கணும்."

அதைச் சொன்னபோது அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. ஒரு நிமிஷம் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததே என்று இன்னும் கோபம் வந்தது.

ஏப்ரல் 22, புதன்

மலையில் இப்படி வெயில் நான் பார்த்ததில்லை. பத்து மணிக்கே பாறை சுடுகிறது.

கடையிலிருந்து எடுத்தது, கேட்காமல்:
சாக்கு – ஜீப் கூரை தாங்கிய மட்டும்
சணல் கயிறு – இரண்டு கண்டு
கோணி ஊசி – 3

பாக்கியமும் மற்றவர்களும் பழைய சேலை கொண்டுவந்தார்கள். நான் சொல்லவில்லை, தாங்களாகவே. வெட்டிப் போட்ட கொப்பில் கம்பு சீவி நட்டு, மேலே சாக்கும் சேலையும் இழுத்துக் கட்டினோம். எல்லாச் செடிக்கும் காணாது. எதற்குக் கட்டுவது, எதை விடுவது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து நான்தான் சொன்னேன். விட்டதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மாரியப்பன் எல்லா வேலையும் செய்தான். என்னிடம் "சரிக்கா" தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டில் இவரோடு பேச்சு இல்லை. தட்டை வைத்தேன், எடுத்தேன்.

ஏப்ரல் 23, வியாழன்

மேகம் வருகிறது, நிற்கிறது, போகிறது. போடியில் இலை அசையவில்லை. கரண்ட் மூன்று தடவை போனது. ஜீப்பில் பெட்டிக்கடைக்காரர் ஒருவர், "இந்தப் புழுக்கத்துக்கு இன்னைக்கு அடிச்சு ஊத்தும் பாருங்க." அவரை ஏன் முறைத்தேன் என்று தெரியவில்லை. மழை பற்றி யார் வாயைத் திறந்தாலும் எரிகிறது.

சாக்கு கட்டாத இரண்டு வரிசையில் இலை காகிதமாகிவிட்டது. தொட்டால் நொறுங்குகிறது. கட்டின செடிகளில் குருத்து பச்சை.

மகள் போன். "அப்பா பாவம்மா, சாப்பாடே இறங்கலையாம்." நேற்று மூன்று தோசை இறங்கியது. நான்தான் சுட்டேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

வந்தது.

ஒரு மணிக்கே தோட்டம் இருட்டிவிட்டது. குருவிச் சத்தம் நின்றது. பாக்கியம், "வெரசாக் கிளம்பு ஆத்தா, இது வேற மாதிரி இருக்கு." சாக்கு முடிச்சை எல்லாம் ஒரு தடவை இறுக்கிவிட்டு ஓடினோம். போடிமெட்டைத் தாண்டி இறங்கும்போது இரண்டாவது வளைவில் பிடித்தது. ஆலங்கட்டி. ஜீப் தகரத்தில் அடித்த அடியில் பேச்சு கேட்கவில்லை. மின்னல் பள்ளத்தில் இறங்குகிறது, நமக்குக் கீழே. சின்னவள் ஒருத்தி வாந்தி எடுத்தாள். எல்லார் கையும் யார் கையையோ பிடித்திருந்தது.

இந்த மழைக்குத்தான் ரெண்டு மாதமாக ஏங்கினேன். சந்தோஷப்பட விடவில்லை. எத்தனை சாக்கு நிற்கும், எத்தனை பறக்கும் என்றே ஓடியது மனசு.

வீட்டு வாசலில் இவர் துண்டோடு நின்றார். தலையைத் துவட்டச் சொல்லி நீட்டினார். வாங்கினேன். அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "பாத்தியா, ரெண்டு நாளு முன்னப் பின்ன. நான் சொன்ன மழை வந்துருச்சுல்ல."

துண்டைத் திருப்பி அவர் கையிலேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

ஏப்ரல் 25, சனி

மெட்டு ரோட்டில் இரண்டு இடத்தில் மரம், ஒரு இடத்தில் பாறை. ஜீப் இல்லை. நாளைக் காலைதான் விடுவார்களாம். ஸ்டாண்டு வரை போய்ச் சும்மா நின்றுவிட்டு வந்தேன். பளீரென்று வெயில், ரோடெல்லாம் சேறு.

காலையிலிருந்து மாரியப்பனுக்குப் போன் போகவில்லை. மூன்றரைக்குத்தான் கிடைத்தான். மண் ஒரு முழத்துக்கு நனைந்திருக்கிறதாம். நாலைந்து சாக்குதான் பறந்திருக்கிறது, அதையும் அவன் பெண்டாட்டி தேடி எடுத்துக் கட்டிவிட்டாளாம். செடி நிமிர்ந்துவிட்டதாம். ஒரு விஷயம்தான் பயம்: பெரிய பலாவில் கழிக்காமல் விட்ட ஒரே கொப்பு பாதி பிளந்து, சாக்கு கட்டின வரிசைக்கு நேர் மேலே தொங்குகிறது. இன்னொரு காற்றுக்கு விழுந்தால் அந்த வரிசை முழுக்கப் போய்விடும்.

"இப்பவே கயிறு கட்டி, வெட்டி இறக்கிரு மாரியப்பா."

லைன் போய்விட்டதோ என்று, "கேக்குதா?" என்றேன்.

"கேக்குதுக்கா. நாளைக்கு ரோடு விட்டுருவாங்கள்ல. நீங்க வந்து மரத்துக்குக் கீழ நின்னு சொல்லுங்க, ஏறுறேன். போன்ல சொல்லி ஒரு தடவை வெட்டியாச்சு."

"அது அண்ணன். இது நான்தான் பேசுறேன். என் குரல் தெரியலையா?"

"குரல் உங்க குரல்தான்." அடுத்துக் கேட்டான்: "கோவிச்சுக்காதீங்கக்கா. பக்கத்துல அண்ணன் இருக்காரா?"

இருந்தார். இரண்டடி தள்ளி நாற்காலியில், கடைச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு. மாரியப்பன் சத்தமாகத்தான் பேசுவான். அவர் காதிலும் விழுந்தது.

இருக்கிறார் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். மாரியப்பன் மேல் கோபம் வரவில்லை. அவனாக இருந்தால் நானும் ஏறமாட்டேன்.

இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

மணி நாலு. மேற்கே மறுபடி கறுக்கிறது.