ஹெரால்டுக்கு விலை கேட்காதவர்

சேசு மரி சூசை துணை

இராயப்பன்பட்டி,
சனிக்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் ரீட்டா எழுதுவது. இங்கே அத்தையும் நம் மகள் பிரின்சியும் நானும் நலம். உங்கள் நலத்தை உங்கள் கையெழுத்தில் பார்த்தால்தான் நம்புவேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பீர்கள். போனில் நான் எதையாவது குடைந்து கேட்டால் உடனே உங்களுக்கு டவர் போய்விடுகிறது. கடிதத்துக்கு அந்தக் கோளாறு கிடையாது. அல்லிநகரத்துக் காமராஜ் லீவு முடிந்து சார்ஜாவுக்குத் திரும்புகிறார் என்று கேள்விப்பட்டு, அவரிடம் கொடுத்துவிடலாம் என்று கேட்டேன். “எந்த அட்ரஸுக்குக்கா?” என்றார். உங்களோடு ஒரே வொர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறவர் எதற்கு அட்ரஸ் கேட்கிறார்? கேட்ட கையோடு, சும்மா கேட்டேன் என்று பேச்சை மாற்றிவிட்டார்.

திராட்சை இந்த முறை பரவாயில்லை. வியாபாரிகள் பந்தலுக்குள் குனிந்து வந்து வழக்கம்போல மூக்கைச் சுளித்தார்கள். கொத்து சிறுசு, நிறம் ஏறவில்லை, தண்ணீர் அதிகம் என்று ஆளுக்கொரு குறை. குறை சொன்னால்தான் வாங்க வந்திருக்கிறார்கள் என்று நமக்கும் தெம்பு வரும். அத்தைக்கு முழங்கால் வலி அப்படியேதான். மாத்திரையை நாக்கடியில் ஒளித்துவைத்து, நான் திரும்பியதும் துப்பிவிடுகிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். மாமா விட்டுப்போன ஹெரால்ட் காரைப் பார்க்க ஒருவர் வந்துகொண்டிருக்கிறார். பெயர் விஜய்பாண்டி, பழனிசெட்டிபட்டிக்காரர். பழைய கார் எங்கே கிடக்கிறது என்று ஊர் ஊராகத் தேடிப் பார்ப்பதுதான் பொழுதுபோக்காம். ரோட்டில் போகும்போது தற்செயலாக நம் காரின் மூக்கைப் பார்த்தாராம். மோட்டார் ரூமுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகை ரோட்டிலிருந்து யார் கண்ணுக்குத் தெரியும்? நானே கோழி தேடிப் போனால்தான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறேன்.

வந்தவர் காரின் முன்பக்கம் முழுவதையும் முதலை வாய் மாதிரி தூக்கி நிறுத்திவிட்டு, பெண் பார்க்க வந்தவர் கணக்காக வாயெல்லாம் பல்லாக நின்றார். வெள்ளைச் சட்டையோடு கோழி எச்சத்தில் படுத்து அடியில் டார்ச் அடித்தார். கதவுக்குக் கீழே பொரித்த அப்பளமாகக் கொப்பளித்துக் கிடக்கிறதே துரு, அதைக்கூட விரலால் தடவிப் பார்த்தார். “இது மேல் துருதான்க்கா. சேஸ் கல்லு மாதிரி நிக்குது. ரெண்டு கதவு வண்டி, பழைய எம்.டி.யு. மதுரை நம்பரோட, கம்பெனிக் கண்ணாடியோட, இந்தப் பக்கத்துல வேற கெடையாது. அரும தெரியாம கோழிய அடைச்சு வச்சிருக்கீகளே” என்றார். அவர் சொன்ன அருமை எனக்கும் கொஞ்சம் தொற்றிக்கொண்டது, பொய் சொல்லக்கூடாது. அவர் போனபின் கோழியை விரட்டிவிட்டுப் பின்சீட்டைத் துடைத்தேன். இரண்டு முட்டை கிடைத்தது.

ஆனால் அத்தான், மறுபடி மறுபடி வருகிறாரே ஒழிய, அந்த மனிதர் விலையே கேட்கவில்லை. ஒரு குறை சொல்லவில்லை. நம் பந்தலுக்கு எத்தனை வியாபாரி வந்திருக்கிறான்! பழத்தை ஒருவன் வாய் நிறையப் புகழ்ந்தால், விலையை ஏற்கெனவே யாரிடமோ பேசி முடித்துவிட்டான் என்றுதான் கணக்கு. இவரிடம் பேசி முடித்தது யார்?

எனக்கு உங்கள் தம்பி பிரான்சிஸ் மேல்தான் சந்தேகம். திடீரென்று வண்டிக்குப் போர்த்த ஒரு தார்ப்பாய் வாங்கிவந்தார். இத்தனை வருஷம் நனைந்த காருக்கு இப்போது என்ன தார்ப்பாய்? நேரிலேயே கேட்டுவிட்டேன். “மாதா மேல சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது மதினி. தார்ப்பாய் உரக்கடையில சும்மா குடுத்தாக” என்றார். அவர் சத்தியம் செய்த வேகமே எனக்குப் பிடிக்கவில்லை. அண்ணன் சொத்தைத் தம்பி விற்பதா என்று அத்தையிடம் கொளுத்திப் போட்டேன். அத்தை நேற்றிலிருந்து அவரிடம் பேசுவதில்லை.

ஞாயிறு மாலை

மேலே பிரான்சிஸைப் பற்றி எழுதியதைக் கிழிக்கவில்லை. என் புத்தி போன போக்கை நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்று பூசை முடிந்து வந்தால், விஜய்பாண்டி கொட்டகை வாசலில் நிற்கிறார். நேரே காரின் பின்பக்கம் போய், பூட்டிய டிக்கியை விரலால் தட்டினார். “இதோட தரைய மட்டும் புதுசா போட்டுறணும்க்கா. துத்தம் தின்ன தகரத்த ஒண்ணும் செய்ய முடியாது” என்றார்.

டிக்கியை நான் திறந்து காட்டவே இல்லை. அடியில் படுத்துப் பார்த்தவருக்கு ஓட்டை தெரிந்திருக்கலாம், தின்றது துத்தம் என்று எப்படித் தெரியும்? கல்யாணம் ஆன புதிதில், திராட்சைக்கு மருந்தடிக்க நீங்கள் சின்னமனூரிலிருந்து மயில்துத்தம் வாங்கிவந்து, மூட்டையை டிக்கியிலேயே மறந்துவிட்டீர்கள். மழைத் தண்ணீர் இறங்கிக் கரைந்து, தரையைத் தின்று ஓட்டை போட்டுவிட்டது. மாமாவுக்குத் தெரிந்தால் உயிரை விட்டுவிடுவார் என்று, பலகை வைத்துச் சாக்கு விரித்துப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தீர்கள். மாமா தெரியாமலே போய்ச் சேர்ந்தார். அத்தைக்கும் தெரியாது, பிரான்சிஸுக்கும் தெரியாது. தெரிந்தது நம் இருவருக்குத்தான். நான் யாரிடமும் சொல்லவில்லை.

விஜய்பாண்டிக்குக் காப்பி கொடுத்து அனுப்பினேன். கேட்க வேண்டியது அவரை இல்லையே. பிரான்சிஸ் வீட்டுக்கு மீன் குழம்பு கொடுத்துவிட்டேன். எதற்கு என்று புரியாமல் வாங்கிக்கொண்டார். அத்தையிடமும் உண்மையைச் சொல்லாமல், நான்தான் தப்பாக நினைத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

ஒவ்வொரு லீவிலும் நீங்கள் சொன்னது ஒன்றுதான். எந்த டிங்கரும் தொடக்கூடாது, நான் ஒரேயடியாக வந்ததும் என் கையால் தகரம் வெட்டி ஒட்டுவேன், எல்லோரும் இதிலேயே வேளாங்கண்ணி போவோம் என்று. பிரின்சி பேச ஆரம்பித்ததிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தவள். அந்தக் காரை நீங்களே விற்கிறீர்கள் என்றால் நான் என்ன நினைப்பது?

நானும் யோசித்துப் பார்க்கிறேன். முன்பெல்லாம் பகலில் பேசினால் உங்கள் குரலுக்குப் பின்னால் சுத்தியல் சத்தம் கேட்கும். கொஞ்ச நாளாக ஃபேன் ஓடும் சத்தம்தான் கேட்கிறது. காமராஜ் அட்ரஸ் கேட்டதும் இப்போது உறைக்கிறது. வேலை போய்விட்டதா? உடம்புக்கு ஏதாவதா? இல்லை, இனி இந்தப் பக்கமே வருவதாக இல்லையா? கடைசிக் கேள்வியை அடித்துவிடலாமா என்று பேனாவைக் கொண்டுபோனேன். ஆனாலும் அடிக்கவில்லை.

வண்டியை விற்பதென்றால் விற்றுக்கொள்ளுங்கள். நான் குறுக்கே நிற்க மாட்டேன். டிக்கிச் சாவியை மட்டும் விஜய்பாண்டியிடம் தர மாட்டேன். அது என் ஜெபமாலையோடு கிடக்கிறது. நீங்கள் வந்து கை நீட்டினால் தருவேன். வெறுங்கையோடு வந்தாலும் போதும். மாமாவிடம் மறைத்த மாதிரி என்னிடம் பலகை போட்டு மூடாதீர்கள்.

நீங்கள் எந்த ரூமில் இருந்தாலும் தேடிப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று காமராஜிடம் கண்டிப்பாகச் சொல்லப்போகிறேன். மாதா உங்களைக் கைவிட மாட்டாள், நானும் விட மாட்டேன். இதைப் படித்ததும், டவர் போகாத இடமாகப் பார்த்து நின்று, எனக்கு ஒரு போன் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வருகைக்குக் காத்திருக்கும்
ரீட்டா அமிர்தராஜ்