மெழுகுதிரிப் பக்கத்தில் சூதாட்டம்

14 ஒக்., செவ்வாய்
விடியற்காலையிலிருந்து மழை. கொழும்பு, காலி வீதியில் கணுக்கால் அளவு தண்ணீர். செருப்பு அறுந்தது, தைக்கக் கொடுக்க வேண்டும்.

நேற்று எங்கள் இணையத்தளத்தில் ஏற்றிய மரண அறிவித்தல்: கொட்டாஞ்சேனை பிலிப் ஐயா, துறைமுகத்தில் வேலை செய்தவர். வியாழன் பி.ப. 3க்கு அடக்கம். மகள் ஜெனி பிரான்சில். விசா சரிவரவில்லை, வர முடியாது. எங்கள் பக்கத்தில் வரும் நேரடி ஒளிபரப்பில்தான் பார்க்க வேண்டும்.

பின்னேரம் அவள் அழைத்தாள். "அக்கா, நேத்து அப்பாட பக்கம் திறந்துச்சு, அதில மெழுகுதிரியும் கொளுத்தினேன். இண்டைக்குச் சூதாட்டம் வருது. அப்பாவக் காணல்ல."

இங்கே திறந்தேன். ஒழுங்காகத்தான் இருந்தது. "உங்கட போன்லதான் ஏதோ" என்றேன். அப்படிச் சொன்னது வெட்கம். ஐந்து மணிக்குள் லண்டனிலிருந்தும் இரண்டு புகார்.

15 ஒக்., புதன்
பிரான்சில் இருப்பதுபோல் போனை மாற்றிப் பார்த்தேன். வந்தது! பிலிப் ஐயாவின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை மேசை, சீட்டுக்கட்டு. இலங்கையிலிருந்து பார்ப்பவருக்கு மட்டும் நல்லபிள்ளைக்கு நடிக்கிறது.

சேர்வரில் படங்கள் மட்டும் இருக்க வேண்டிய கோப்புறைக்குள் ஒரு புரோகிராம். அழித்தேன். பத்து நிமிடத்தில் திரும்ப வந்தது. மறுபடி அழித்தேன், மறுபடி வந்தது. நிர்வாகிகள் பட்டியலில் நான், முதலாளி யோகன் அண்ணை, யாரென்றே தெரியாத மூன்றாவது ஆள்.

யோகன் அண்ணை: "சுரேன் வேலைய விட்டுப் போகேக்க ஏதோ செய்துபோட்டுத்தான் போயிருக்கிறான். இந்த இலவச சொஃப்ட்வெயார் வேண்டாமெண்டு அப்பவே சொன்னனான்."

இலவச மென்பொருளில் பிழையில்லை. நாலு பேர் பார்த்துத் திருத்துகிற சாமான். பிழை, அதன் மேல் ஏற்றிய மெழுகுதிரி பிளகின் என்ற துணை மென்பொருளில். இறந்தவருக்குத் திரி கொளுத்தி இரண்டு வரி எழுதலாம். காசுக்கு விற்கிறார்கள். எவனோ பூட்டை உடைத்து, உள்ளே இதை ஒளித்து, இலவசமாகப் போட்டிருந்த பிரதியை ஓகஸ்டில் இறக்கிப் போட்டது நான். சுரேன் இல்லை.

வாயைத் திறக்கவில்லை. கோழை.

16 ஒக்., வியாழன்
வெயில்.
– புதுச் சேர்வர், மென்பொருள் புதிதாக
– கடவுச்சொற்கள் எல்லாம்
– ஜூலை பக்அப் பிரதியை ஏற்ற. பிறகு வந்த அறிவித்தல்கள் கையால்
– திரி பிளகின் வேண்டவே வேண்டாம்
– செருப்பு

மதியம் சாப்பிடவில்லை. அவசரத்தில் இரண்டு தரம் கடவுச்சொல் பிழைத்தது. 2.40க்குப் பக்கம் எழும்பியது. ஜெனிக்கு அழைத்தேன். "இப்ப திறவுங்கோ தங்கச்சி."

திறந்தாள். பிறகு, "அப்பா."

17 ஒக்., வெள்ளி
மீண்டும் மழை. ஜெனியின் செய்தி: "நல்லாப் பார்த்தேன் அக்கா. நான் கொளுத்தின திரியக் காணல்ல. இங்க இருந்து அது ஒண்டுதான் செய்ய ஏலுமா இருந்துச்சு."

பழைய சேர்வரைக் கிண்டி திரியோடு அவள் எழுதிய வரியை எடுத்தேன். "அப்பா, மழைல நனையாதீங்க." கையால் தட்டி ஐயாவின் படத்துக்குக் கீழே போட்டேன். திரி ஏன் போனது என்று அவளுக்கு எழுதினேன், யார் செய்தது என்பதையும். அனுப்பிவிட்டேன்.

பக்கத்து அறையில் யோகன் அண்ணை யாருக்கோ போனில்: "சுரேனோ? அவனை வேலைக்கு எடுக்காதேங்கோ."

எழும்பி அவர் அறைக்குப் போகிறேன்.