நகரி பாஷை பேசிய எகிப்துக் கல்லறை

போன வாரம் என் கொழுந்தனைப் புத்தூருக்குக் கட்டுப் போட அழைத்துப் போயிருந்தேன். வண்டியிலிருந்து விழுந்ததில் முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. பச்சிலையும் முட்டை வெள்ளையும் கலந்த வாடை வாசலிலேயே மூக்கில் ஏறியது. உள்ளே மூங்கில் பட்டையை வைத்து, நீளத் துணியை உதறிச் சுற்ற ஆரம்பித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வலியில கத்திக்கினு கீறேன், நீ சிரிக்கிறியா அண்ணி?" என்று முறைத்தான். சிநேகிதி, உன்னை நினைத்துச் சிரித்தேன் என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

அதே இடத்துக்குத்தான் நீ ஒரு நாள் நெட்டையான ஆள் ஒருவரைக் கூட்டிவந்து, "இவருக்குத் தலையிலருந்து கால் வரைக்கும் கட்டணும்" என்றாய். கட்டுப் போடுகிறவர் பதறிப்போய், "எந்த எலும்பும்மா ஒடஞ்சிக்குது?" என்று கேட்டார்.

"ஒண்ணும் ஒடயல. இவரு செத்து மூவாயிரம் வருஷம் ஆவுது."

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு துணி நழுவாமல் சுற்றுவது எப்படி என்று பொறுமையாகக் காட்டிக்கொடுத்தார். நாம் எடுத்த சினிமாவின் மம்மி பிறந்தது எகிப்தில் இல்லை, புத்தூரில்.

நீ திருப்பதியில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டும் கடையில் வேலை பார்த்தாய். நான் நகரியில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தேன். பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். எகிப்துக் கல்லறைக்குள் நடக்கும் பேய்ப்படம் எடுக்கப்போகிறேன், நீதான் கதாநாயகி என்று நீ கொட்டகைக்கு வந்து சொன்னபோது, இரைச்சலில் தப்பாகக் கேட்டுவிட்டதாக நினைத்துத் தறியை நிறுத்தினேன்.

"இன்னாடி சொல்றே? எகிப்துக்குப் போறவ மாதிரியா கீறேன் நான்?"

"மம்மி மேல சுத்தின துணியப் பத்தி, கல்லறையத் தோண்டப் போன படிச்சவங்களுக்கு ஒண்ணும் புரியல. தறி ஓட்டறவ ஒருத்திய இங்கருந்து கூட்டிக்கினு போறாங்க. அவதான் நீ."

என்னை மனதில் வைத்தே அந்தப் பாத்திரத்தை எழுதியிருந்தாய். வீட்டில் என்ன சொல்வார்களோ என்று பயந்தேன். என் கணவர், "ஞாயித்துக்கெழம மட்டும்னா போய்ட்டு வா" என்று சொல்லிவிட்டார்.

ஏர்பேட்டுப் பக்கம் வறண்டு கிடந்த ஆறு நமக்குப் பாலைவனம் ஆனது. ஒட்டகம் எங்கும் கிடைக்கவில்லை. நீ அசரவில்லை. மணலில் கையாலேயே ஒட்டகக் கால்தடங்களைப் பதித்துவிட்டு, "ஒட்டகம் ஓடிப்போச்சு, நடங்க" என்று ஒரு வசனத்தைச் சேர்த்துவிட்டாய். கைவிட்ட கல்குவாரி கல்லறையின் வாசல். மூடிக்கிடந்த ஒரு தறிக்கொட்டகை அதன் உள்ளறை. சுவரில் மாம்பழ ஜூஸ் விளம்பரம் எழுதுகிறவர் எகிப்து எழுத்துகளை வரைந்தார். பறவைக்கும் பாம்புக்கும் நடுவில் பழக்கதோஷத்தில் ஒரு மாம்பழத்தையும் போட்டுவிட்டார். "சித்தூர்க்காரன் கை" என்று நீ அதை அழிக்க விடவில்லை.

எனக்கு நடிக்கத் தெரியவில்லை. கண்ணை உருட்டினேன், நெஞ்சில் கை வைத்தேன். நீ கேமராவை இறக்கிவிட்டுப் பக்கத்தில் வந்தாய். "பயந்த மாதிரி செய்யாத. பயந்துக்கினே நட, போதும்." அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே நடிக்கப் பயமாக இருந்தது. அப்படியே நடந்தேன். அதுதான் படத்தில் இருக்கிறது.

படம் முடிந்ததும் சென்னையிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். பிடித்திருக்கிறது, வெளியிடலாம் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. என் குரலை எடுத்துவிட்டு வேறு யாரையாவது பேசவைக்க வேண்டும்.

"எகிப்து வரைக்கும் போற பொண்ணு போய்க்கினு, வந்துக்கினுன்னு பேசினா ஜனங்க சிரிப்பாங்கம்மா" என்றார்.

நீ அமைதியாகக் கேட்டாய், "தறி ஓட்டறவ வேற எப்டி சார் பேசுவா?"

"யோசிங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். எனக்குத் தலை நிமிரவில்லை. உன் மூன்று வருட உழைப்பு என் நாக்கினால் வீணாகிறதே என்றிருந்தது. "மாத்திடுடி. படம் வெளிய வந்தா போதும்" என்று கெஞ்சினேன். அன்று நீ என்மேல் பட்ட கோபத்தைப் போல் பள்ளிக்கூட நாளிலிருந்து நான் பார்த்ததில்லை.

"உன் வாயில வர்ற பாஷை எங்கம்மா பாஷை, எங்க நைனா பாஷை. அத எடுத்துட்டா அந்தக் கல்லறையில இன்னாடி கீது? அட்டையும் துணியுந்தான்."

அவரிடம் முடியாது என்று சொல்லிவிட்டாய்.

அதற்குப் பிறகு யாரும் வாங்க வரவில்லை. உள்ளூர்த் தியேட்டர் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சிக்கு மட்டும் இடம் பிடித்தாய். தறிக்காரர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். ஒட்டகம் ஓடிப்போன இடத்தில் தியேட்டரே சிரிப்பில் அதிர்ந்தது. மாம்பழத்தைக் கண்டுபிடித்து விசிலடித்தார்கள். நான் நாற்காலியில் ஒடுங்கிப்போனேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய்.

பிறகு உள்ளறை வந்தது. என் கையிலிருக்கும் கிழிந்த தன் துணியைத் தேடி மம்மி எழுந்து எனக்குப் பின்னால் நிற்கிறது. திரும்பாமலே நான் கேட்கிறேன்: "எவ்ளோ நாளா காத்துக்கினு கீறே?" ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தக் கை என் தோளுக்கு வந்தபோது முன்வரிசையிலிருந்து ஒரு பெண், "ஏய், ஓடிடுடி!" என்று அலறினாள். படத்தில் நான் ஓடவில்லை. உட்கார்ந்து அந்தக் கிழிசலைத் தைத்தேன். விளக்குகள் எரிந்தபோது அந்தப் பெண் வந்து என் கையைத் தொட்டுப் பார்த்து, "எங்க வீட்டுப் பொண்ணு பேசற மாதிரியே கீது" என்றாள். நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ வேறு பக்கம் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாய்.

அடுத்த வருடம் உனக்கு ரத்தத்தில் புற்று என்று தெரிந்தது. திருப்பதி ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே படத்தை யூடியூபில் ஏற்றினாய். தமிழ் தெரியாத நர்ஸ் ஒருத்தி உன் போனில் முழுதாகப் பார்த்துவிட்டு, "பயம் வேசிந்தக்கா" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டாள். பயமாக இருந்ததாம். முடி கொட்டிப்போன தலையை ஆட்டி ஆட்டி நீ சிரித்தாய். "பாத்தியா, தெலுங்குக்காரிக்கே புரிஞ்சிடுச்சி" என்றாய். பத்து நாளில் போய்விட்டாய்.

அழுதேன், நிறைய. ஆனால் உன்னைப் பற்றி யார் கேட்டாலும் முதலில் படத்தைத்தான் சொல்கிறேன். என் சிநேகிதி எகிப்தையே நகரிக்குக் கொண்டுவந்தவள் என்று.

நேற்று ஒரு டைரக்டர் போனில் கூப்பிட்டார். நம் படத்தைப் பார்த்தாராம். அவர் படத்தில் எனக்கு ஒரு வேடம் இருக்கிறது, குரலுக்கு மட்டும் வேறு ஆளை வைத்துக்கொள்வோம் என்றார்.

"அப்போ மூஞ்சிக்கும் வேற ஆளப் பாத்துக்குங்க சார்" என்றேன்.

போனை வைத்த பிறகும் காது கொதித்துக்கொண்டிருந்தது. இத்தனை கோபம் எனக்கு ஏது? கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. அது உன்னுடையது. என்னிடம் பத்திரமாக இருக்கிறது.