எறும்புக் கடி

1974 ஆவணி, வெள்ளிக்கிழமை

கொழும்புத்துறை மீன்காரி செல்லம்மா இன்று மூன்று பிள்ளைகளோடு வாந்திபேதித் தடுப்பூசிக்கு எங்கள் டிஸ்பென்சரிக்கு வந்தாள்.

"பயப்படாதை, எறும்பு கடிச்ச மாதிரித்தான்" என்று வழக்கம்போலச் சொன்னேன்.

"ஐயா போட்டனீங்களோ?"

மருந்தைப் பெட்டியில் ஐஸ் வைத்துக் காப்பவன் நான். ஊசிக்குப் பயந்து இவ்வளவு நாளும் தட்டிக்கழித்தவனும் நான்தான். நர்ஸ் பக்கத்தில் நின்றதால் பொய் சொல்ல முடியவில்லை.

"இல்லை" என்றேன்.

"அப்ப முதல் உங்களுக்கு. பிறகு எங்களுக்கு."

கண்ணை மூடிக்கொண்டு நர்ஸிடம் கையை நீட்டினேன். பிறகு அவர்கள் நால்வரும் போட்டுக்கொண்டார்கள். பெரிய நிம்மதி.

இப்போது கை வீங்கி, இடப்பக்கம் சரிந்து படுக்க முடியவில்லை. இத்தனை வருஷமாக என்ன துணிவில் எறும்பென்று சொன்னேன்? நல்லவேளை, நாளைக்குச் செல்லம்மா சண்டைக்கு வந்தால் காட்ட என்னிடமும் ஒரு வீங்கிய கை இருக்கிறது.