தீர்த்தம் எடுக்கப் போன நேரம்

அக்கா,

நேற்றிலிருந்து தெரு முழுக்கச் சுண்ணாம்பு நெடி. சகல ஆத்துமாக்கள் திருநாளுக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது. கல்லறைத் தோட்டத்தில் வெள்ளையடிக்கிறார்கள். ஐப்பசி மழையில் ஊறிய சுவரில் அடித்தால் நெடி எங்கள் அடுப்படி வரைக்கும் வரும். இந்த வருஷம் உங்கள் கல்லறைக்கும் சேர்த்து அடிக்கிறார்கள். நடுப்பாதையில், பெரிய சிலுவைக்குப் பக்கத்தில், போகிறவர் வருகிறவர் கண்ணில் படுகிற இடம். மாதா சபைத் தலைவிக்கு அதுதான் முறை என்று சாமியாரே நின்று இடம் காட்டினார். என் மூத்த மகன் கிடக்கிற இடத்துக்குச் சுண்ணாம்பு போகாது. தோட்டத்துச் சுவரின் உள்பக்கத்தை மட்டும்தான் வெள்ளையடிப்பார்கள். அவன் வெளிப்பக்கம்.

உங்களைப் பற்றி நல்லதைச் சொல்லாமல் மேலே போனால் நான் அநியாயக்காரி ஆவேன். சாணார்பட்டிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த எனக்குத் திண்டுக்கல்லில் யாரையும் தெரியாது. சனிக்கிழமை தோறும் என்னைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனவர் நீங்கள். பீடத்து மெழுகுதிரித் தண்டுகளைப் புளி போட்டு விளக்குவோம். மாதா சுரூபத்தைத் துடைக்க மட்டும் எனக்குப் பயம். பட்டும் படாமலும் துணியை ஓட்டுவேன். "ஏத்தா, நல்லா அழுத்தித் தேயி. மாதா காதுல அம்புட்டுத் தூசி இருந்தா நீ வேண்டிக்கிறது எப்படி விழும்?" என்பீர்கள். கோயில் என்றும் பாராமல் சிரித்துவிடுவேன். என் கழுத்தில் நீல நாடாவைப் போட்டுச் சபையில் சேர்த்ததும் நீங்கள்தான்.

நம் இரண்டு தெருவிலும் பிரசவம் என்றால் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். கன்னியர் மடத்து ஆஸ்பத்திரியில் பழகிய கை. பிறந்த பிள்ளை தேறாது என்று பட்டால், சாமியார் வரும்வரை காத்திராமல் நீங்களே தலையில் தண்ணீர் ஊற்றி, மந்திரம் சொல்லி, ஞானஸ்நானம் கொடுத்துவிடுவீர்கள். அதையும் மடத்தில் பழக்கியிருந்தார்கள். உங்கள் பையில் ஒரு மருந்துப் பாட்டில் நிறையக் கோயில் தீர்த்தம் எப்போதும் இருக்கும். பிள்ளையைப் பறிகொடுத்தவள்கூட, "அக்கா கையால ஞானஸ்நானம் ஆகித்தேன் போச்சு. மோட்சத்துல சம்மனசா இருக்கும்" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அந்தப் பிள்ளைகளுக்கு மணி அடிக்கும். சாமியார் வருவார். தோட்டத்துக்குள் இடம் கிடைக்கும்.

எனக்கு ஏழாம் மாதத்திலேயே வலி எடுத்தது. உச்சி வேளை. வீட்டுக்காரர் பூட்டுப் பட்டறையில் இருந்தார். நம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரை நான் தட்டிய சத்தம் கேட்டு, கொதிக்கிற உலையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தீர்கள். பையை எடுக்கவில்லை. பிள்ளை கையளவுதான் இருந்தான். பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டான். துணியில் சுற்றி என் மடியில் வைத்தீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துபோயிற்று.

"ஞானஸ்நானம் குடுத்துருங்கக்கா."

"குடுக்கத்தேன் போறேன். பாட்டில் வீட்டுல கெடக்கு. செத்த நேரம் இரு தாயி, எடுத்துட்டு ஓடி வாரேன்."

"பானையில தண்ணி இருக்கேக்கா."

"சபைக்காரி பிள்ளைக்குப் பானைத் தண்ணியிலயா குடுப்பாக? மூச்சு நல்லாத்தேன் இருக்கு. இந்தா வந்துட்டேன்."

வீட்டில் பாட்டில் காலியாக இருந்ததாம். திரும்பி வராமல், அதை நிரப்பக் கோயிலுக்கே போயிருக்கிறீர்கள். அதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், பானை என் இடது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது, அதன் மேல் சொம்பு கவிழ்த்திருந்தது என்பதுதான். நான் பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு தரம் திறந்தான். மூன்றாம் தரம் திறக்கவில்லை.

மூச்சிரைக்க வந்து நின்றீர்கள். மூக்கில் விரல் வைத்துப் பார்த்தீர்கள். நெஞ்சில் காது வைத்துக் கேட்டீர்கள். பாட்டிலின் தக்கையைத் திறக்கவில்லை.

"ஊத்துங்கக்கா."

"உசுரு போயிருச்சு தாயி. செத்த பிள்ளைக்கு ஊத்தக் கூடாது."

"யாருக்குத் தெரியப் போகுது?"

"சேசுவுக்குத் தெரியும்ல?"

அன்று சாயங்காலம், உயிர் இருக்கும்போது தண்ணீர் ஊற்றினாயா என்று சாமியார் உங்களைக் கேட்டார். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றார். "இல்ல சாமி" என்றீர்கள். இரண்டே வார்த்தை. அதற்கு மேல் சாமியாருக்கும் வழியில்லை, சட்டம் அப்படி. மணி அடிக்கவில்லை. பட்டறையில் பூட்டுகளை வைத்து அனுப்புகிற பலகைப் பெட்டி ஒன்றில் கிடத்தி, வீட்டுக்காரர் தனியாகத் தூக்கிக்கொண்டு போய், சுவருக்கு வெளியே கள்ளிகளுக்கு நடுவில் புதைத்துவிட்டு வந்தார். ஞானஸ்நானம் இல்லாததற்குப் பெயரும் கிடையாது என்றார்கள். இன்றுவரை அவனைப் பிள்ளை என்றுதான் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு எத்தனை கல்லறைத் திருநாள் வந்து போயிற்று! சாமியார் ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துத் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வருவார். கீழச் சுவர் வந்ததும் எல்லாரும் திரும்பிவிடுவார்கள். நான் மட்டும் நின்று சுவரின் தலையில் ஒரு மெழுகுதிரியை ஒட்ட வைப்பேன். ஒரு வருஷம் யாரோ ஒருத்தி சிரித்துக்கொண்டே, "செவத்துக்கு எதுக்குத்தா திரி? செவரு என்ன செத்தா போச்சு?" என்றாள். நீங்கள் அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றீர்கள். முக்காட்டைச் சரி செய்துகொண்டு நடந்தீர்கள்.

பிறகு எனக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். அந்த இரண்டு பிரசவமும் பார்த்தது நீங்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெரியவள் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்கு ஞானோபதேசப் புத்தகம் வாங்கினோம். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. பட்டறைச் சிட்டைகளையும் காலண்டரையும் வைத்து எழுத்துக் கூட்டக் கற்றிருந்தேன். ஒரு நாள் சோறு வேகும் நேரத்தில் அந்தப் புத்தகத்தைப் புரட்டினேன். ஆபத்து வேளையில் யார் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று ஒரு கேள்வி இருந்தது. ஆணோ பெண்ணோ, யாரும் கொடுக்கலாம் என்று பதில் இருந்தது. கிணற்றுத் தண்ணீர், ஆற்றுத் தண்ணீர், மழைத் தண்ணீர், எதுவும் போதும் என்றும் இருந்தது. தப்பாகப் படித்துவிட்டேனோ என்று விரல் வைத்துத் திரும்பத் திரும்ப எழுத்துக் கூட்டினேன். சோறு அடிப்பிடித்துவிட்டது.

புத்தகத்தோடு உங்கள் வீட்டுக்கு வந்தேன். முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தீர்கள்.

"இது உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்."

"பெத்தவ நானே ஊத்தியிருக்கலாமா?"

"ஊத்தியிருக்கலாம்."

"பெறகு ஏன்க்கா ஒரு நாள்கூடச் சபையில சொல்லல?"

அடுத்த காம்பை எடுத்துக் கீரையை உருவினீர்கள். "எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தா, நாளப்பின்ன காச்சக் கண்ட பிள்ளைக்கெல்லாம் ஆளாளுக்குத் தண்ணிய ஊத்திக்கிட்டுத் திரிவாளுக. பழகுனவதேன் செய்யணும் தாயி."

அந்தப் பதிலில் பாதி தேவ பயம் என்று ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதி என்னவென்று உங்களுக்கும் தெரியும். உங்கள் கை படாமல் இந்தத் தெருவிலிருந்து ஒரு பிள்ளை மோட்சம் போய்விடக் கூடாது.

இந்த வைகாசியில் நீங்கள் படுத்தீர்கள். சாகக் கிடக்கிறவர்களுக்குக் கொடுக்கிற அவஸ்தைப்பூசுதலைக் கொடுத்துச் சாமியார் போன பிறகு என்னைக் கூப்பிட்டு அனுப்பினீர்கள். கையைப் பிடித்தீர்கள். எலும்புதான் இருந்தது.

"எம்மேல மனத்தாங்கல் வச்சிருக்கியா?"

"இல்லக்கா. அப்பவே மன்னிச்சிட்டேன்."

கண்ணை மூடிக்கொண்டீர்கள். முகம் தெளிந்துவிட்டது. நான் சொன்னது பொய். என் பிள்ளைக்காக நீங்கள் சொல்ல மறுத்த பொய்யை உங்களுக்காக நான் சொன்னேன். நீங்கள் செய்தது நியாயம், நான் செய்தது பாவம். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும். அந்த வாரமே சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். நீங்கள் எதைச் சொன்னீர்களோ, எனக்குத் தெரியாது.

இத்தனை வருஷத்தில் எழுதவும் பழகி, சபையின் வரவு செலவை ஒரு பைசா பிசகாமல் எழுதுகிறவள் என்று, உங்கள் பளிங்குக் கல்லுக்கு வாசகத்தையும் என்னிடமே எழுதச் சொன்னார்கள். "சிசுக்களுக்கு மோட்ச வாசலைத் திறந்தவர்னு போடுங்க" என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். கொத்துகிறவருக்குப் பிழை வராதபடி பெரிய பெரிய எழுத்தாக.

உங்கள் இடத்தில் இப்போது நான் பிரசவம் பார்ப்பதில்லை. அந்தக் கை எனக்கு இல்லை. ஆனால் மாதத்தின் முதல் சனிக்கிழமை, சபையில் செபமாலை முடிந்ததும் எழுந்து நிற்கிறேன். வயிற்றுப் பிள்ளைக்காரிகளை முன்வரிசையில் உட்கார வைக்கிறேன். எந்தத் தண்ணீரும் போதும், யாரும் ஊற்றலாம் என்று சொல்லி, அந்த மந்திரத்தை எல்லாரையும் வாய்விட்டுச் சொல்ல வைக்கிறேன். புதிதாக வந்த ஒருத்தி, "தீர்த்தமா இருந்தா இன்னும் நல்லதுதானக்கா?" என்றாள்.

"கையில இருந்தா ஊத்து. எடுக்கப் போகாத" என்றேன்.

உங்கள் ஆத்தும இளைப்பாற்றிக்காகத் தினம் வீட்டில் கர்த்தர் கற்பித்த செபம் சொல்கிறேன், அக்கா. அதை உங்களுக்கு மறுக்கமாட்டேன். ஆனால் பிறர் செய்த தீமையைப் பொறுப்பது பற்றி வருகிற இடத்தில் என் வாய் நின்றுவிடுகிறது. பெண்கள் இரண்டு பேரும் சொல்லிக்கொண்டே போவார்கள். நான் அடுத்த வரியில் போய்ச் சேர்ந்துகொள்வேன். சின்னவள் கண்டுபிடித்துவிட்டாள். "அம்மா, ஒரு வரிய விட்டுட்டீங்க" என்றாள். "நீ சொல்லு ராசாத்தி, நீ விடாமச் சொல்லு" என்றேன்.

உங்களிடம் சொன்ன பொய்யை ஆண்டவரிடமும் சொல்ல முடியாது. நாளை மறுநாள் உங்கள் கல்லறை முன்னால் முழந்தாளிட்டு உங்களுக்காக அந்தச் செபத்தைச் சொல்வேன். அந்த ஒரு வரி இல்லாமல்தான் அது உங்களுக்கு வந்து சேரும்.