பொட்டு வைக்காத லேப்டாப்

இயேசு மரி சூசை துணை

பெரியநாயக்கன்பாளையம்,
ஞாயிறு, கோயிலுக்குப் போய்வந்த பிறகு

அன்பு மகள் ஜோவிதாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் இங்கே நலம், நலம் என்றால் என் சர்க்கரையும் அவளுடைய முழங்கால் வலியும் எங்களைவிட நலமாக இருக்கின்றன. நீயும் மாப்பிள்ளை வின்ஸ்டனும் பேரனும் சுகமாக இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் செபமாலை சொல்லும்போது உங்களுக்காகத் தனியாக வேண்டிக்கொள்கிறாள். டப்ளினில் குளிர் தொடங்கிவிட்டது என்றாய், குழந்தைக்குக் காதை மூடியே வெளியே கொண்டுபோ அம்மணி. போனில் பேசினால் போதாதா, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒன்றைத் தொடங்கினால் நீ மீட்டிங் என்கிறாய், அம்மா நடுவில் புகுந்து குழந்தை சாப்பிட்டானா என்கிறாள், நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அன்றைக்கு அவசரமாகக் கூப்பிட்டு கிளவுட் பற்றிக் கேட்டேன் அல்லவா, அது எதற்கு என்று உனக்கு முழுதாகத் தெரிய வேண்டும். ராமாமணியின் வேலையே அதில் தொங்கிக்கொண்டிருந்தது. நம் பம்பு கம்பெனியில் டிராயிங் பார்க்கிற ராமாமணிதான், நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து என் ஸ்டோர் ரூமில் காத்திருக்கும்போது தன் டிபன் பாக்ஸைத் திறந்து உனக்குப் பாதி தோசை கொடுப்பாளே, அவளேதான். அவள் வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து படுத்த பிறகு அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது.

முதலாளி தனபாலுடைய பையன் மிதுன் மேல்படிப்பு முடித்து வந்து ஆபீஸை நவீனமாக்கப் புறப்பட்டிருக்கிறார். முதலில் சுவருக்குப் பெயிண்ட் மாற்றினார், பிறகு எங்கள் நாற்காலிகளை மாற்றினார், அதில் உட்கார்ந்தால் பின்னால் சாய்கிறது, கணக்குப் பார்க்கிற கதிரேசன் ஒருநாள் எழுதியபடியே மல்லாந்துவிட்டார். அடுத்து கிளவுட். காந்திபுரத்திலிருந்து ஒருவரை வரவழைத்து எங்களுக்குப் பாடம் நடத்த வைத்தார்கள். அந்தத் தம்பி கோட்டு போட்டு வந்து ஃபேன் காற்றில் வியர்த்துக்கொண்டே ஒரு மேகப் படத்தைக் காட்டினார், அதிலிருந்து நாலாபக்கமும் அம்புகள் போயின, அடுத்த படத்தில் மேகம் பெரிதானது, அம்புகளும் அதிகமாயின. கரண்ட் போனால் அதில் இருக்கிறதெல்லாம் என்ன ஆகும் என்று கதிரேசன் கேட்டார். நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு அந்தத் தம்பி அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அதற்குள் போண்டா வந்தது, நாங்களும் புரிந்துகொண்டுவிட்டோம். கடைசியில் மிதுன் எழுந்து எல்லாவற்றையும் சுருக்கிச் சொன்னார், இனிமேல் யாரும் எதற்கும் பயப்பட வேண்டாம், இங்கே அழிந்தாலும் அங்கே பத்திரமாக இருக்கும் என்று. ஆளுக்கொரு ஐடி வாங்குவது தண்டம் என்று தன் ஐடி ஒன்றையே எல்லோருக்கும் கொடுத்தார், அதன் பாஸ்வேர்டு தண்ணீர் கேனுக்கு மேலே மாட்டியிருக்கிற காலண்டரின் பின்பக்கம் இருக்கிறது. வருகிறவர் போகிறவர் எல்லோரும் அங்கேதான் தண்ணீர் குடிக்கிறார்கள்.

இந்தச் சமயத்தில்தான் ஆயுத பூஜை வந்தது. நம் பக்கத்தில் அதற்கு முன்னால் எப்படிச் சுத்தம் செய்வார்கள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. லேத்து மிஷினிலிருந்து ஸ்டேப்ளர் வரைக்கும் துடைத்தாயிற்று. எல்லாம்தான் கிளவுடில் இருக்கிறதே, இந்தக் குப்பை எதற்கு என்று மிதுன் பழைய டிராயிங் தாள்களையும் ஹார்டு டிஸ்க்கையும் பழைய பேப்பர்காரருக்குப் போடச் சொல்லிவிட்டார். ராமாமணி மட்டும் ஒரு வருடமாவது வைத்திருக்கலாமுங்க தம்பி என்று சொல்லிப் பார்த்தாள். அவளுக்கு முன்னேற்றத்தில் நம்பிக்கை இல்லை என்று பதில் வந்தது. பூஜையன்று காலையில் ராமாமணி கம்ப்யூட்டர்களின் வயரையெல்லாம் பிடுங்கிவிட்டுத் துடைத்து வைக்க, முதலாளி தன் கையாலேயே ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பூசணிக்காய் உடைத்து, எனக்கும் பொரி பொட்டலம் கொடுத்து, ஷட்டரை இறக்கி அவரே பூட்டிச் சாவியைக் கொண்டுபோனார். மறுநாள் மறுபூஜை போடும் வரைக்கும் எதையும் தொடக் கூடாது அல்லவா. அம்மா அந்தப் பொரியில் வெல்லம் போட்டு உருண்டை பிடித்தாள், உனக்குப் பிடிக்கும் என்று சொல்லிச் சொல்லியே நாங்கள் தின்று தீர்த்தோம்.

விடுமுறை முடிந்து ஆபீஸ் திறந்ததும் பெருந்துறையிலிருந்து ஒரு மில்காரர் பழைய மாடல் பம்பு வேண்டும் என்று கேட்டார். ராமாமணி டிராயிங் எடுக்கப் போனால் ஃபோல்டர் காலி. கதிரேசன் கம்ப்யூட்டரில் பார்த்தால் அங்கேயும் காலி. இத்தனை வருடமாகப் போட்ட டிராயிங்கில் ஒன்றுகூட இல்லை. நானும் கதிரேசனும் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து தேடிக்கொண்டிருந்தோம். மிதுனுக்கோ ஒரு நிமிடம்கூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. துடைத்தது யார், ராமாமணி, வேண்டாம் என்று முதலிலிருந்தே சொன்னது யார், ராமாமணி, ஆகவே அழித்ததும் ராமாமணிதான். ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதியே போட்டுவிட்டார், பொறுப்பில்லாமல் ஆவணங்களை அழித்த காரணத்தால் அவள் திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று. அவள் போனைப் பார்த்துவிட்டு, "நாந் தொடவே இல்லீங்க தம்பி" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். பிறகு பை எடுத்து டிபன் பாக்ஸை உள்ளே வைத்தாள். அப்போதுதான் ஸ்டோர் ரூமுக்குள் போய் உன்னைக் கூப்பிட்டேன்.

நீ சொன்னதை அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன். கிளவுட் என்பது எங்கேயோ பெரிய கட்டிடத்தில் இருக்கிற அடுத்தவர் கம்ப்யூட்டர்தான், நம் மேஜையில் தெரிகிற ஃபோல்டரும் அங்கே இருக்கிற ஃபோல்டரும் இரண்டல்ல, ஒன்றையே இரண்டு இடத்திலிருந்து பார்க்கிறோம், அதனால் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், ஆனால் உடனே போய்விடாது, அங்கே ஒரு குப்பைத்தொட்டி இருக்கிறது, ஒரு மாதம் போல அதில் கிடக்கும், எப்போது அழித்தார்கள் என்பதும் பக்கத்திலேயே இருக்கும் என்றாய். இதைச் சொல்ல உனக்கு ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை, மேகமும் இல்லை, அம்பும் இல்லை. அந்தக் கோட்டுத் தம்பி ஒரு காலை முழுக்கப் பேசி இதைத்தான் சொல்லாமல் விட்டார்.

நான் வெளியே வந்து முதலாளியை அழைத்து எல்லோர் முன்னாலும் அந்தக் குப்பைத்தொட்டியைத் திறக்கச் சொன்னேன். திறந்தால் அத்தனை டிராயிங்கும் குத்துக்கல் மாதிரி அங்கேயே இருக்கிறது. ராமாமணி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள், அந்தச் சாய்கிற நாற்காலியிலேதான். அழித்தவர் பெயர் என்ற இடத்தில் மிதுன் என்று இருந்தது. மிதுன் அசரவில்லை, எல்லோரும் என் ஐடியில்தானே வேலை செய்கிறீர்கள், பெயரை வைத்து என்ன தெரியும் என்றார். அதுவும் நியாயம்தான், காலண்டர் எல்லோருக்கும் பொது. முதலாளி கண்ணாடியை மூக்கில் இறக்கித் தேதியைப் பார்த்தார். ஆயுத பூஜையன்று மத்தியானம். மறுபடி பார்த்தார். அன்றைக்கு ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றும் வயர் பிடுங்கி, சந்தனப் பொட்டோடு, பூட்டிய ஷட்டருக்குள் இருந்தது, சாவி அவர் இடுப்பில். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு மெதுவாகத்தான் கேட்டார், "ஏங் கண்ணு, அன்னிக்கு உன்ற லேப்டாப்புக்குப் பொட்டு வெச்சியா?"

"இல்லீங்கப்பா, அது ஊட்ல இருந்துச்சு" என்றார் மிதுன். அப்புறம்தான் மெல்ல மெல்ல வந்தது, ஊட்டிக்குப் போய் எடுத்த வீடியோவைப் போட லேப்டாப்பில் இடமில்லையாம், எல்லாம்தான் மேலே இருக்கிறதே என்று கீழே இருந்ததை அழித்தாராம். தான் நடத்த வைத்த பாடத்தை நம்பி நடந்தவர் அந்த ஆபீஸில் அவர் ஒருவர்தான். முதலாளி பையனைத் திட்டவில்லை. ராமாமணியைப் பார்த்து, "அம்மணி, எப்பவும் போல வந்துருங்க" என்றார். அவள் தலையை ஆட்டிவிட்டு, பையிலிருந்து டிபன் பாக்ஸை வெளியே எடுத்தாள், மணி அப்போது ஒன்றுகூட ஆகவில்லை, நாங்கள் எல்லோரும் அப்போதே சாப்பிட்டோம். மிதுன் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை, குரூப்பில் போட்டதை மட்டும் அழித்தார். இந்தத் தடவை எல்லோரிடமிருந்தும் அழியும் என்று தெரிந்தே அழித்தார். மறுநாள் காலையில் அவர் லேப்டாப்பைக் கொண்டுவந்து ராமாமணி மேஜையில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் சாமி படத்துக்கு முன்னால் இருந்த சந்தனக் கிண்ணத்தை எடுத்துவந்து பொட்டு வைத்தாள். பெரிய பொட்டாகவே வைத்தாள்.

நீயும் இந்த வேலையில்தான் இருக்கிறாய், ஆகவே சொல்கிறேன், உங்கள் கம்பெனியில் எங்களைப் போன்றவர்களுக்கு விளக்க ஆள் அனுப்பினால் மேகப் படத்தைக் கையில் கொடுக்காதீர்கள், எதை அழித்தால் எது போகும் என்பதை முதலில் சொல்லச் சொல். அப்புறம் ஒரு முக்கியமான விஷயம், மறந்துவிடாதே. அம்மா கிறிஸ்துமஸுக்கு இப்போதே வீட்டைச் சுத்தம் செய்ய ஆரம்பித்துவிட்டாள். பரண் முடிந்தது, சமையலறை முடிந்தது, இனி போன்தான் பாக்கி, அதில் இடமில்லை இடமில்லை என்று காட்டுகிறதாம். பேரன் பிறந்ததிலிருந்து எடுத்து நீ உன் ஐடியில் போட்டுக் கொடுத்த படமெல்லாம் அதில்தான் இருக்கிறது. எப்படியும் ஜோவிதாகிட்ட இருக்குமே, இதில் அழித்தால் என்ன என்கிறாள். நான் சொன்னால் கேட்கமாட்டாள், அதனால் அவள் போனை அரிசி டிரம்மில் ஒளித்து வைத்திருக்கிறேன். காணோம் என்று தேடிக்கொண்டிருக்கிறாள், என் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டால் அரிசிக்குள்ளிருந்து மணி அடிக்கும். கடிதம் கண்டதும் என் போனுக்குக் கூப்பிட்டு அவளிடம் பேசு. ஆண்டவர் உங்கள் மூவரையும் கைவிடாமல் காப்பாராக. பேரனுக்கு நெற்றியில் என் பெயரைச் சொல்லி ஒரு சிலுவை போடு.

உன் அன்பு அப்பா,
சந்தியாகு